ஷைலக்குக்குப் பட்ட கடன்

காலேஜில் படித்த காலத்தில் எங்களுக்கு 'வெனிஸ் நகர வர்த்தகன்' பாடமாக இருந்தது. இங்கிலீஷ் புரொபசர் நாடகப் பித்துப் பிடித்தவர். நீதிமன்றக் காட்சி வந்ததும் மேஜைமேல் கிடக்கும் அடிக்கோலை எடுத்துத் தம்முடைய செருப்பின் அடியில் தீட்டுவார். கண்ணை இடுக்கிக்கொண்டு, மூக்கால் பேசி, ஒரு ராத்தல் சதை கேட்பார். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். யூதன் என்றால் யார் என்று அன்று எங்களுக்கு ஐயம் திரிபறத் தெரிந்து போயிற்று. வட்டிக்குக் கொடுப்பவன், கத்தி தீட்டுபவன், கடைசியில் சொத்தையும் இழந்து மதத்தையும் இழந்து மேடையை விட்டுப் போகிறவன். நம்மில் பலருக்கு யூதரோடு ஏற்பட்ட முதல் பரிச்சயம் இதுதான். கடைசிப் பரிச்சயமும் இதுவாகவே இருந்துவிடுவது உண்டு.

அந்த நாடகம் எழுதப்பட்டது 1596-97 வாக்கில். அப்போது இங்கிலாந்தில் யூதர்கள் பகிரங்கமாக வாழ இடமில்லை. 1290-ஆம் வருஷம் நாட்டை விட்டு ஓட்டப்பட்டவர்கள் 1656 வரையில் திரும்பி வர முடியவில்லை. ஆகவே ஷேக்ஸ்பியர் தெருவில் பார்த்துப் பழகி எழுதிய பாத்திரம் அல்ல ஷைலக். நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதுவது எங்கள் தொழில். ஆனால் சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவ்வளவும் இப்போது நினைவுக்கு வரக் காரணம், போன மாதம் எங்கள் பேட்டை வாசகசாலையில் எடுத்துவந்த ஒரு புஸ்தகம். வான சாஸ்திரத்தின் கதையைச் சாமானியர்களுக்குச் சொல்லுகிற புஸ்தகம். ஆசிரியர் பெயர் வேண்டாம். அவர் ஒருவர் செய்த தவறாக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. நாலாவது அத்தியாயம் டாலமியோடு முடிகிறது. ஐந்தாவது அத்தியாயம் கோப்பர்னிக்கஸோடு ஆரம்பிக்கிறது. டாலமி இருந்தது கி.பி. இரண்டாம் நூற்றாண்டில். கோப்பர்னிக்கஸின் புஸ்தகம் வெளிவந்தது 1543-இல். நடுவில் கிடக்கும் ஏறக்குறைய 1400 வருஷங்களுக்கு இந்த மனிதர் கொடுத்திருக்கும் இடம் ஒரே ஒரு வாக்கியம். ஐரோப்பாவை இருள் கவ்விற்றாம், பிறகு விடிந்ததாம்.

இரவு நேரத்தில் வேலை செய்வதுதான் வான சாஸ்திரிகளின் வழக்கம். அந்த இருளில் யார் யார் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். அரபு மொழியில் எழுதியவர்களைப் பற்றியாவது இப்போது சிலர் ஒரு பாராவுக்கு மனசு வைக்கிறார்கள். ஹீப்ரு மொழியில் எழுதிய யூதர்களைப் பற்றி அந்த ஒரு பாராவும் கிடையாது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

யூதர்களுக்கு வானத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் வைதிகத்திலிருந்து வந்தது. அவர்களுடைய மாதம் பிறையில் பிறக்கிறது. ஆனால் பஸ்கா பண்டிகை வசந்தத்தில் வந்தாக வேண்டும். சந்திரனையும் சூரியனையும் ஒரே நுகத்தில் பூட்டுகிற சங்கடம் நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். பன்னிரண்டு சாந்திர மாதங்கள் சேர்ந்தாலும் ஒரு சௌர வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைகிறது. அதனால் 19 வருஷத்துக்கு ஏழு அதிக மாதம் சேர்த்தார்கள். ஒரு மணியை 1080 பங்காகப் பிரித்து, ஒரு சாந்திர மாதம் என்பது 29 நாள், 12 மணி, 793 பங்கு என்று வைத்துக்கொண்டார்கள். இன்றைய விஞ்ஞானிகள் சொல்லும் சராசரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் அரை விநாடி. இது யூதர்கள் கண்டுபிடித்த கணக்கா என்றால், இல்லை. பாபிலோனியர் கணக்கு, கிரேக்கர் கையிலும் இருந்தது. வாங்கியதுதான். வாங்கத் தெரிந்திருந்தது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

அவர்களுடைய தால்மூதில் ஒரு விவகாரம் பதிவாகியிருக்கிறது. ராத்திரி சூரியன் எங்கே போகிறது? இஸ்ரவேலின் பெரியவர்கள், ஆகாய விதானத்துக்கு மேலே போகிறது என்றார்கள். மற்ற ஜாதிகளின் பெரியவர்கள், பூமிக்கு அடியில் போகிறது என்றார்கள். தீர்ப்புச் சொன்னவர் யூதா என்ற மகா குரு. யூத தர்ம சாஸ்திரமான மிஷ்னாவைத் தொகுத்தவர். அவர் சொன்னது இதுதான்: நம்மவர் சொல்லைவிட அவர்கள் சொல்லே பொருத்தமாகத் தெரிகிறது. அதற்கு அவர் காட்டிய காரணம், ஊற்று நீர் பகலில் குளிர்ந்தும் இரவில் சூடாகவும் இருக்கிறதாம். காரணம் கிடக்கட்டும், பள்ளிக்கூடப் பையன்கூட இன்று அதைக் கேட்டுச் சிரிப்பான். தீர்ப்பைப் பாருங்கள். ஒரு ஜாதியின் புனித நூல், இந்த விஷயத்தில் எங்கள் பெரியவர்கள் தோற்றார்கள் என்று தானே எழுதிவைத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் இதையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார். வான கணிதத்தில் நிரூபணம் தெளிவாக இருந்தால், சொன்னவன் தீர்க்கதரிசியா அந்நியனா என்ற கேள்வியே எழாது என்று அவர் தர்ம சாஸ்திர நூலுக்குள்ளேயே எழுதினார்.

இந்த மனப்பான்மை எத்தனை அருமையானது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், நம் ஊரில் ஏதாவது ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆகாய விமானம் முதல் அணுகுண்டு வரையில் எல்லாம் நம் முன்னோர் ஏட்டில் இருந்தது என்று முழங்குவார்கள். ஏட்டை எடுத்துக் காட்டச் சொன்னால் செல்லரித்துவிட்டது என்பார்கள். நம் வராகமிஹிரர் அப்படிப்பட்டவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யவனர்கள் மிலேச்சர்களானாலும் இந்த சாஸ்திரம் அவர்களிடம் நிலைபெற்றிருப்பதால் ரிஷிகளைப்போல் பூஜிக்கத் தக்கவர்கள் என்ற கருத்தை ஆறாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் அவர். வராகமிஹிரர் பெயரைச் சொல்லிச் சண்டைக்கு வருகிறவர்கள் அவரைப் படிப்பதில்லை, அதுதான் சௌகரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. அந்தச் சம்பந்தத்தை எழுதிவைத்தவர் ஒரு யூதர். ஆப்ரகாம் இப்ன் எஸ்ரா. ஸ்பெயினில் துடேலா என்ற ஊரில் பிறந்தவர். கவி, இலக்கணக்காரர், வேத வியாக்கியானி, கணித சாஸ்திரி. ஐம்பது வயசுக்குமேல், 1140 வாக்கில், ஊரை விட்டுக் கிளம்பினார். ரோமாபுரி, லுக்கா, நார்போன், ரூவான் என்று ஊர் ஊராக அலைந்து, 1158-இல் லண்டனில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஆம், எந்த நாட்டிலிருந்து பிற்காலத்தில் அவருடைய ஜனங்களைத் துரத்தினார்களோ அந்த நாட்டில்தான். போன இடமெல்லாம் அவர் செய்தது ஒரே காரியம். அரபு தெரியாத ஐரோப்பிய யூதர்களுக்கு, அரபு நூல்களில் இருந்த கணிதத்தையும் வான சாஸ்திரத்தையும் ஹீப்ருவில் எழுதிக் கொடுத்தார். வான்கோள்களின் உயரத்தை அளக்கும் அஸ்ட்ரோலேப் என்ற கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதினார். கிரகங்களின் ஸ்தானத்தைக் கணிக்க அட்டவணைகள் போட்டுக் கொடுத்தார்.

எண்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒன்பது ஹீப்ரு எழுத்துக்களை ஒன்பது இலக்கங்களாக வைத்துக்கொண்டார். சூன்யத்துக்கு ஒரு சிறு வட்டம். அதற்கு 'சக்கரம்' என்று பெயர் வைத்தார். இந்த முறை இந்திய அறிஞர்களுடையது என்று சொல்லவும் செய்தார். 1160-இல் அவர் மொழிபெயர்த்த வேறொரு நூலின் முன்னுரையில் ஒரு கதை வருகிறது. பாக்தாதில் கலீபாக்கள் ஆட்சி தொடங்கிய காலத்தில், கங்கா என்ற இந்தியப் பண்டிதர் ஒருவர் அங்கே அழைத்துவரப்பட்டார். அவர்தான் அரபியருக்கு எண்களின் மூலத்தைக் கற்றுக் கொடுத்தார். இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு யூதர் நடுவில் உட்கார்ந்து வாய்மொழியாகப் பெயர்த்துச் சொன்னார். இந்தக் கதையில் எத்தனை பங்கு சரித்திரம், எத்தனை பங்கு கேள்வி ஞானம் என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். எனக்கு வேண்டியது, நாடில்லாமல் அலைந்த ஒருவர் தமக்குத் தெரிந்த கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடித்து எழுதிவைத்தார் என்ற சங்கதி. அந்த இலக்கங்களுக்கு ஐரோப்பா வைத்த பெயர் 'அரபு எண்கள்'. இப்ன் எஸ்ராவைப் படித்திருந்தால் இன்னொரு படி மேலே ஏறியிருக்கலாம்.

இப்போது எதிர்க்கட்சியார் எழுந்திருப்பார்கள். "இவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள்தானே, ஐயா? ஒரு வீட்டு நெருப்பை இன்னொரு வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். நன்றி சொல்லிவிட்டுச் சமையலைக் கவனிப்போம்" என்பார்கள்.

இந்த வாதத்துக்கு இரண்டு பதில் உண்டு. முதலாவது, மொழிபெயர்ப்பாளனை இப்படிச் சுள்ளி பொறுக்குபவனாக எண்ணும் வழக்கத்தைப் பற்றியது. காண்டேகரின் மராத்தி நாவல்களைத் தமிழில் விழுந்து விழுந்து படித்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது. அவர்களில் காண்டேகர் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர், கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? வாசகர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். டொலேடோ நகரத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு முறை இருந்தது. அரபு நூலை யூதர் ஒருவர் சொல் சொல்லாகப் பேச்சு மொழியில் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் இருக்கும் பாதிரியார் அதை லத்தீனில் எழுதுவார். ஒரு சொல்லின் அர்த்தம் தப்பினால் ஒரு கிரகத்தின் கதி தப்பிவிடும். அந்த நாற்காலியில் உட்காருகிறவனுக்கு இரண்டு பாஷையும் தெரிந்தால் போதாது, சாஸ்திரமும் தெரிய வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் அதே நாட்டில் பத்தாவது அல்போன்ஸோ என்ற அரசன் கிரகக் கணித அட்டவணை ஒன்று புதிதாகத் தயாரிக்க ஏற்பாடு செய்தான். வேலையைச் செய்தவர்கள் யெஹூதா பென் மோஷே, ஈசாக் பென் சித் என்ற இரண்டு யூதர்கள். 1263 முதல் 1272 வரையில் டொலேடோவில் வானத்தைப் பார்த்து அளந்து, பழைய கணக்குகளைத் திருத்தினார்கள். அந்தத் திட்டத்திலிருந்து வளர்ந்த அட்டவணைகள்தாம் ஐரோப்பாவில் சுமார் 200 வருஷம் கோலோச்சின. அவற்றுக்கு உலகம் வைத்த பெயர் 'அல்போன்ஸோ அட்டவணை'. அரசன் பணம் கொடுத்தான், பெயர் கிடைத்தது. பணம் கொடுத்தவன் பெயர் கோபுரத்திலும், கல் செதுக்கியவன் பெயர் காற்றிலும் இருப்பது நமக்கும் புதிதில்லை. இந்த அட்டவணை 1483-இல் முதல் தடவையாக அச்சேறியது. எந்த ஊரில் தெரியுமா? வெனிஸில். ஷைலக்கை நிறுத்திவைத்து விசாரித்தார்களே, அதே வெனிஸில். 1492-இல் அங்கே வந்த மறுபதிப்பில் ஒரு பிரதி மாணவராயிருந்த கோப்பர்னிக்கஸின் கைக்குப் போயிற்று; இன்று அது ஸ்வீடனில் உப்சாலா சர்வகலாசாலையில் இருக்கிறது.

இரண்டாவது பதில் ஒரு மனிதர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

லெவி பென் கெர்ஷோன். 1288-இல் பிறந்து 1344-இல் மறைந்தவர். பிரான்ஸின் தெற்கே ஆரஞ்சு என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்தவர். அவருக்குப் பதினெட்டு வயசாகும்போது, 1306-இல், பிரெஞ்சு அரசன் தன் ராஜ்யத்து யூதர்களை எல்லாம் விரட்டினான். லெவி இருந்த பிரதேசம் அவனுடைய ஆளுகைக்கு வெளியே இருந்ததால் தப்பினார். ஒரு எல்லைக் கோட்டின் தயவில் பிழைத்த மேதை என்று சொல்ல வேண்டும்.

டாலமியின் சந்திர கணிதத்தில் ஒரு விபரீதம் உண்டு. சந்திரன் எந்தத் திசையில் இருக்கும் என்பதை அது ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கணிதப்படி பார்த்தால், மாதத்தில் சில வேளைகளில் சந்திரன் பூமிக்குப் பாதி தூரத்துக்கு நெருங்கி வந்துவிட வேண்டும். அப்படி வந்தால் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டுமே? எந்த அஷ்டமியிலாவது சந்திரன் அப்படி வீங்கித் தெரிந்ததை யாராவது பார்த்ததுண்டா? ஆயிரத்து இருநூறு வருஷமாக எல்லோரும் சந்திரனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். டாலமியையும் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்ததையும் படித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் லெவி.

அவர் வெறுமே சந்தேகப்பட்டதோடு நிற்கவில்லை. அறையை இருட்டாக்கிச் சுவரில் ஒரு சிறு துவாரம் வைத்தார். அதன் வழியாக எதிரில் விழுந்த பிம்பத்தைக் கொண்டு சூரிய சந்திரர்களின் அளவைக் கணக்கிட்டார். கிரகணங்களையும் அப்படிப் பார்த்தார். துவாரத்தின் அகலம் பிம்பத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும் என்று தெரிந்துகொண்டு அதற்கும் கழிவு போட்டார். பிறகு ஒரு கருவி செய்தார். ஒரு நீளக் கோல். அதன்மேல் முன்னும் பின்னும் நகருகிற குறுக்குச் சட்டம். கோலின் நுனியைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு, சட்டத்தின் ஒரு முனை ஒரு நட்சத்திரத்தையும் மறு முனை இன்னொரு நட்சத்திரத்தையும் தொடும்படி நகர்த்தினால், இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் கோலில் உள்ள அளவுக் கோட்டில் தெரிந்துவிடும். ரகசியங்களைத் திறந்து காட்டுவது என்ற அர்த்தத்தில் அதற்குப் பெயர் வைத்தார். 'யாக்கோபின் கோல்' என்ற பெயரோடு பிற்காலத்தில் அது ஐரோப்பியக் கப்பல்களில் எல்லாம் ஏறியது. பதினைந்தாம் நூற்றாண்டில் ரெகியோமொன்டானஸ் போன்ற பெரிய ஜெர்மானிய வான சாஸ்திரிகள் கையில் இருந்ததும் அந்தக் கோல்தான்.

சுமார் இருபது வருஷம் அவர் வானத்தைப் பார்த்து எழுதிவைத்தார். அந்தக் கணக்குகளைக் கொண்டு டாலமியின் சந்திரனைத் தள்ளிவிட்டு, சந்திரனை வீங்கவைக்காத புதுக் கணிதம் ஒன்றை அமைத்தார். 'கர்த்தரின் யுத்தங்கள்' என்ற அவருடைய பெரிய தத்துவ நூலில் வான சாஸ்திரப் பகுதி மட்டும் 136 அத்தியாயம். அதில் கருவியையும் கோணக் கணிதத்தையும் பற்றிய பகுதி 1342-இல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, அவிஞ்ஞோனில் இருந்த போப் ஆறாவது கிளெமென்டுக்குச் சமர்ப்பணமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் கெப்ளரே இந்த நூலுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். செவ்வாயின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளர்! அவர் தேடிய மனிதருக்கு நம் வாசகசாலைப் புஸ்தகத்தில் இடமில்லை. நெருப்பு தூக்கிக்கொண்டு போனவர் என்று இவரைச் சொல்லிவிட முடியுமா?

ஐரோப்பாவை மட்டும் நான் திட்டிக்கொண்டிருந்தால் அது நியாயமாகாது. லெவியின் சொந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? அவருடைய தத்துவம் பிடிக்காத வைதிகர்கள், இது கர்த்தரின் யுத்தங்கள் அல்ல, கர்த்தரோடு யுத்தம் என்று கேலி செய்தார்கள். 1560-இல் அந்த நூல் முதன்முதலாக அச்சானபோது, அந்த 136 அத்தியாயங்களையும் விட்டுவிட்டு அச்சடித்தார்கள். அவற்றில் முதல் இருபது அத்தியாயங்கள் ஹீப்ரு மூலமும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புமாகப் புஸ்தகமானது 1985-இல்தான். அவருக்கு முந்திய தலைமுறையிலேயே இந்தத் தகராறு வெடித்திருந்தது. 1305-இல் பார்சலோனாவில் ஒரு பெரிய ராபி, இருபத்தைந்து வயசு ஆகாதவர்கள் கிரேக்க சாஸ்திரங்களைப் படிக்கக் கூடாது என்று தடை போட்டார். அந்தத் தடை முயற்சியை ஆரம்பத்திலேயே எதிர்த்து நின்றவர் மோன்பெலியே நகரத்து யாக்கோபு பென் மாகீர். லத்தீன்காரர்கள் வாயில் 'யூதன் புரொபேஷியஸ்'.

இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கோப்பர்னிக்கஸே இதைத் தம் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறார். சூரியனின் பாதை எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று காலந்தோறும் அளந்தவர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். டாலமி, அல் பட்டானி, ஸ்பெயின் நாட்டு அல் ஸர்க்காலி, அடுத்து யூதன் புரொபேஷியஸ். கிரேக்கர், முஸ்லிம், யூதர் என்று எல்லோரையும் ஒரே பத்தியில் உட்காரவைத்துப் பரிமாறியிருக்கிறார். கோப்பர்னிக்கஸுக்கு அதில் வெட்கமில்லை. கோப்பர்னிக்கஸைப் பற்றிப் புஸ்தகம் எழுதுகிறவர்களுக்குத்தான் வெட்கமாக இருக்கிறது போலும்.

இன்னொருவர் கதை நம் கடற்கரையிலேயே வந்து இறங்குகிறது. ஆப்ரகாம் ஸக்கூட்டோ 1452-இல் ஸ்பெயினில் சலமான்கா நகரத்தில் பிறந்தார். ஒரு பிஷப்பின் ஆதரவில் 1473 முதல் 1478 வரை உட்கார்ந்து ஹீப்ருவில் ஒரு பெரிய வானக் கணித நூலை எழுதினார். 1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. ஸக்கூட்டோ போர்ச்சுகலுக்குப் போனார். அங்கே அரசன் அவரைத் தன் வான சாஸ்திரியாக வைத்துக்கொண்டான்.

போர்ச்சுகீசியருக்கு அப்போது ஒரு தலைவலி. ஆப்பிரிக்காவின் ஓரமாகத் தெற்கே போகப் போக, வடக்கே வழி காட்டிய துருவ நட்சத்திரம் கடலில் அமுங்கிப் போய்விடுகிறது. பூமத்திய ரேகையைத் தாண்டிவிட்டால் இருக்கிற இடம் எது என்று தெரியாது. அதற்கு ஒரே வழி சூரியன். நடுப்பகலில் சூரியனின் உயரத்தை அளந்து, அன்றைய தேதியில் சூரியன் பூமத்திய ரேகைக்கு எத்தனை பாகை வடக்கிலோ தெற்கிலோ இருக்கிறது என்ற எண்ணைக் கூட்டியோ கழித்தோ பார்த்தால் கப்பல் நிற்கும் அட்சாம்சம் கிடைத்துவிடும். உயரத்தை மாலுமி அளந்துவிடுவான். அந்த இன்னொரு எண்ணுக்கு எங்கே போவான்? ஸக்கூட்டோவின் அட்டவணையில் அதற்கு வழி இருந்தது. ஜோசே விஸின்யோ என்ற இன்னொரு யூதர் 1485-இல் கினியாக் கரைக்கே போய் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார். கொலம்பஸ் தம் புஸ்தகம் ஒன்றின் ஓரத்தில் அதைக் குறித்துவைத்திருக்கிறார். ஸக்கூட்டோவின் அட்டவணைகள் 1496 பிப்ரவரியில் லெய்ரியா என்ற ஊரில் 'நிரந்தர பஞ்சாங்கம்' என்ற பெயரில் அச்சாயின. அச்சடித்தவரும் யூதரே.

அதே 1496 டிசம்பரில் போர்ச்சுகல் அரசன் மானுவேல், யூதர்கள் பத்து மாதத்தில் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டான். 1497-இல் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி ஞானஸ்நானம் செய்வித்தார்கள். பிறகு பெரியவர்களையும் போகவிடாமல் தடுத்துப் பலவந்தமாக மதம் மாற்றினார்கள். அதே 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து பாய் விரித்தான். நடுப்பகல் சூரியனை அளந்து வழி பார்க்கும் அந்த வித்தையும் அவனோடு கப்பல் ஏறிற்று. 1498 மே மாதம் கள்ளிக்கோட்டை. கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அந்தச் சமயத்தில் போர்ச்சுகலை விட்டு ஓடிக்கொண்டிருந்தார். 1504-இல் அவர் டூனிஸ் நகரத்தில் உட்கார்ந்து, தம் ஜனங்களின் பரம்பரைச் சரித்திரம் ஒன்றை எழுதி முடித்தார். அந்தக் கடல் வழியாகவே பின்னாளில் கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வந்து சேர்ந்தது. 1560-இல் அங்கே அது உட்கார்ந்ததும் தேடத் தொடங்கியவர்களில், மதம் மாற்றப்பட்ட யூதர்களின் சந்ததியாரும் உண்டு. கொச்சி ராஜாவின் நிழலில் தஞ்சம் புகுந்த யூதர்கள் 1568-இல் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நான் ஒரு நாவலாசிரியனாக இருந்து இப்படி ஒரு கதை எழுதியிருந்தால், சம்பவங்களின் பொருத்தம் அளவுக்கு மீறிவிட்டது என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இவர்கள் எல்லோரும் குற்றமே இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. இப்ன் எஸ்ரா ஜோதிஷ நூல்கள் எழுதிக் குவித்தார். டாலமியையே எதிர்த்து நின்ற லெவிகூட, 1345-இல் வரப்போகும் சனி, குரு சேர்க்கைக்குப் பலன் எழுதிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மைமோனிடிஸ் ஒருவர்தான், ஜோதிஷம் மூடத்தனம் என்று தெற்குப் பிரான்ஸின் ராபிகளுக்குத் தயவு தாட்சண்யம் இல்லாமல் கடிதம் எழுதினார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் அரபு மொழியில் எழுதிய ஒரு பெரும் படை நிற்கிறது. அந்தப் படையை மறைத்துவிட்டு, ஐரோப்பிய விஞ்ஞானமே யூதர்கள் கொடுத்தது என்று யாராவது புஸ்தகம் போட்டால், அதையும் எதிர்த்து இதே அளவு காகிதம் செலவழிக்க நான் தயார். வாசகசாலைப் புஸ்தகக்காரர் செய்த காரியத்தைத்தான் அவரும் செய்தவராவார்.

ஜோசப் டெல்மெடிகோ என்று ஒருவர். பாதுவா சர்வகலாசாலையில் கலிலியோவிடம் படித்த யூதர். குருவின் தூரதர்சினி வழியாக வானத்தைப் பார்த்தவர். 1629-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் ஹீப்ரு நூலில் கலிலியோவைத் தம் குரு என்று சொல்லிக்கொள்கிறார். அந்நியனை குரு என்று ஹீப்ருவில் எழுத அவருடைய கை கூசவில்லை. பிராக் நகரத்து டேவிட் கான்ஸ், 1600-இல் டைக்கோ பிராஹியின் வேதசாலைக்குப் போய் அங்கே நடந்த வேலையைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தார்; டைக்கோவுக்காக ஹீப்ருவிலிருந்து அட்டவணைகளை ஜெர்மனில் பெயர்த்தும் கொடுத்தார். இந்தப் பட்டியலை இன்னும் நீட்டலாம். பத்திரிகையில் எனக்கு ஒதுக்கியிருக்கும் பக்கம் நீளாது.

1651-இல் ரிச்சியோலி என்ற ஜெசூட் பாதிரியார் சந்திரனின் படம் ஒன்றை வெளியிட்டு, அதிலுள்ள பள்ளங்களுக்கெல்லாம் வான சாஸ்திரிகளின் பெயரை வைத்தார். மதத்தைப் பார்க்காமல் பெயர் வைத்த புண்ணியவான். சந்திரனின் தென்பாதியில் 'ராபி லெவி' என்று ஒரு பள்ளம் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் ஸக்கூட்டோவின் பெயரில் ஒன்று. இன்னொரு பக்கத்தில் இப்ன் எஸ்ராவின் பள்ளம். அதற்குத் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டிருப்பது அல் சூஃபி என்ற முஸ்லிம் வான சாஸ்திரியின் பள்ளம். நல்ல தூரதர்சினி இருந்தால் நான்கையும் பார்த்துவிடலாம். சந்திரனில் இடம் கிடைத்தவர்களுக்கு நம் புஸ்தகத்தில் அரைப் பக்கம் கிடைக்கவில்லை.

அந்தப் புஸ்தகத்தை நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், நாலாவது அத்தியாயம் முடிந்து ஐந்தாவது தொடங்குகிற இடத்தில் இருந்த வெற்றிடத்தில், பென்சிலால் ஏழெட்டுப் பெயர்களை வருஷத்தோடு எழுதிவைத்தேன். வாசகசாலைக்காரர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தார். புஸ்தகத்தில் கிறுக்கியதற்கு அபராதம் என்றார். பென்சில்தானே, அழித்துவிடட்டுமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.